வருகிற ஞாயிறு ஆலய வாசலில்



திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நெருங்கிவிட்டது. அன்று காலைத் திருப்பலி வழக்கம்போலத் திருப்பீடத்தின் அருகே தொடங்காது. ஆலய வாசலில் தொடங்கும். அதற்கான காரணத்தை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இவ்வாரச் சிந்தனையை எழுதுகிறேன். இதில் விளக்கம் கொஞ்சம் இருக்கும், விண்ணப்பம் கொஞ்சம் இருக்கும், என் சொந்தக் குற்ற அறிக்கையும் இருக்கும்.

ஆலயத்தின் பின்தெருவில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அம்மாவை நீங்கள் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளின் புதுநன்மை உடைகளில் பாதிக்கு மேல் அவருடைய கைகளில் உருவானவை. பதினொரு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் நவநாளுக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு, ஆசீர் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் எழுந்து போகிறவர். சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒருநாள் பங்கு இல்லத்துக்கு வந்து, தாம் திருமுழுக்குப் பெற விரும்புவதாகச் சொன்னார். அன்றுமுதல் வியாழக்கிழமை மாலைகளில் நம் மறைக்கல்வி ஆசிரியை ஒருவரும் நானும் அவரோடு அமர்ந்து வருகிறோம். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டிவிட்டேன்.

வருகிற ஞாயிறன்று அவர் ஆலய வாசலில் நிற்பார். நாம் உள்ளேயிருந்து புறப்பட்டு அவரை எதிர்கொள்ளப் போவோம். திரு அவையிடம் அவர் எதை நாடி வந்திருக்கிறார் என்று கேட்பேன். அவர் பதில் சொன்னபின் அவருடைய நெற்றியிலும் காதுகளிலும் கண்களிலும் உதடுகளிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரையப்படும். பிறகு அவர் உள்ளே வந்து இறைவார்த்தையைக் கேட்பார். அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றமாட்டேன். திருமுழுக்கு, அடுத்து வரும் பாஸ்காவிலும் அல்ல. இறைவன் திருவுளமானால் அதற்கடுத்த ஆண்டுப் பாஸ்கா திருவிழிப்பில்.

இதைச் சொன்னவுடன் நம் வின்சென்ட் தே பவுல் சபையின் மூத்தவர் ஒருவர் என்னிடம் உரிமையோடு கோபித்துக்கொண்டார். “சாமி, திருத்தூதர் பணிகளில் பிலிப்பு அந்த எத்தியோப்பிய அலுவலருக்கு வழியில் தண்ணீரைக் கண்டதுமே திருமுழுக்குக் கொடுத்தாரே. பவுலடியாரும் பிலிப்பி நகரச் சிறைக்காவலருக்கு அந்த இரவிலேயே கொடுத்தாரே. நீங்கள் மட்டும் ஏன் இப்படி இழுத்தடிக்கிறீர்கள்?” என்றார். நல்ல கேள்வி. விவிலியத்தை ஊன்றி வாசிப்பவர்தான் இப்படிக் கேட்க முடியும்.

அந்த எட்டாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். எத்தியோப்பியர் வெறுங்கையோடு பிலிப்பைச் சந்திக்கவில்லை. அவர் எருசலேம்வரை சென்று வழிபட்டுத் திரும்புகிறார். தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாய்விட்டு வாசிக்கிறார். வாசிப்பது புரியவில்லை என்று வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார். பிலிப்பு வந்து சேர்ந்தபோது அவருடைய ஆயத்தத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. இது என் பதிலின் ஒரு பாதிதான். மற்றப் பாதி விவிலிய விளக்கம் அன்று. என் வாழ்வில் நடந்த ஒரு தவறு.

நான் குருவாகி மூன்றாம் ஆண்டு. வேறொரு ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் நம் பங்குப் பெண் ஒருவரை மணக்க விரும்பினார். திருமண நாள் குறித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பெண் வீட்டார் என்னிடம் வந்து, “சாமி, அதற்குள் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள்” என்றார்கள். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. என் கையால் ஒருவர் திரு அவைக்குள் வருகிறார் என்ற மகிழ்ச்சி. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்தது. இயேசு கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, நம்பிக்கை அறிக்கை ஆகிய மூன்றையும் பிழையின்றி ஒப்பித்தார். நான்காம் ஞாயிறு மாலை, நான்கைந்து பேர் மட்டும் நிற்க, திருமுழுக்குக் கொடுத்தேன். பதிவேட்டில் கையொப்பமும் இட்டேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். குழந்தைகளைப் பற்றிப் பேசினார். கோவிலுக்குப் போவதுண்டா என்று நான் கேட்டதும் சற்றே தயங்கிவிட்டு, “சாமி, உங்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றைக்கு என் தலையில் எதற்காகத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வேண்டிய சான்றிதழ் என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார். அவர் பேருந்து வந்துவிட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

திருமுழுக்கின் அருள் என் அவசரத்தால் வீணாகிவிடாது என்பதை நம்புகிறேன். கடவுள் குருக்களின் தகுதியைப் பார்த்து அருள் புரிபவராயின் நம்மில் எவருக்கும் எதுவும் கிடைத்திராது. ஆயினும் அந்த இளைஞருக்கு உரியதை நான் கொடுக்கவில்லை. திருச்சட்டத்தின் 865ஆம் பிரிவை நான் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன்: வயதுவந்தவர் தாமாக விரும்ப வேண்டும், நம்பிக்கை உண்மைகளையும் கிறிஸ்தவரின் கடமைகளையும் போதுமான அளவு கற்றிருக்க வேண்டும், புகுமுகக் காலத்தில் கிறிஸ்தவ வாழ்வை வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றையாவது நான் உண்மையாக விசாரிக்கவில்லை.

இப்படி விசாரிப்பது ஏதோ புதிய கெடுபிடி என்று எண்ண வேண்டாம். உரோமை நகர் இப்போலித்துவின் பெயரில் வழங்கும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் பழைய ஏடு, திருமுழுக்கு நாடி வருபவர் மூன்று ஆண்டுகள் இறைவார்த்தை கேட்க வேண்டும் என்கிறது. ஆர்வமும் முயற்சியும் உள்ளவரின் காலத்தைக் குறைக்கலாம், நாள்களை அல்ல நடத்தையையே பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. மூன்று ஆண்டு முடிந்தபின் அவர்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துபவை. கைம்பெண்களை மதித்தார்களா, நோயுற்றோரைப் போய்ப் பார்த்தார்களா என்பவை அவை. நான் மூன்று செபங்களை ஒப்பிக்கச் சொன்னேன்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எஜேரியா என்னும் பெண்மணி தம் குறிப்புகளில் ஒரு காட்சியை வருணித்திருக்கிறார். தவக்காலத் தொடக்கத்தில், பாஸ்காவில் திருமுழுக்குப் பெற இருப்போர் ஒவ்வொருவராக ஆயர்முன் நிற்கிறார்கள். ஆயர் அவர்களிடம் கேட்கவில்லை. அண்டை அயலாரிடம் கேட்கிறார். இவர் பெற்றோரை மதிப்பவரா, குடிப்பவரா, பொய் பேசுபவரா என்று. நம் ஊரில் ஆயர் வந்து நாற்காலியில் அமர்ந்து, நம் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு நம்மைப் பற்றி விசாரித்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று நினைத்துப் பாருங்கள். (என் பக்கத்து வீட்டார் என் கோபத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்வார்கள்.)

புனித அகுஸ்தினாரின் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் மனமாறியதற்கும் திருமுழுக்குப் பெற்றதற்கும் இடையில் பல மாதங்கள் கடந்தன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் அவர் மனம் உடைந்தது. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில்தான் ஆயர் அம்புரோசியார் அவருக்குத் திருமுழுக்களித்தார். இடையில் தம்மை ஆயத்தம் செய்ய எந்த நூலை வாசிக்கலாம் என்று அம்புரோசியாரைக் கேட்கிறார். எசாயாவை வாசி என்று பதில் வருகிறது. அகுஸ்தினார் தொடங்கிப் பார்க்கிறார், புரியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிடுகிறார்! இதை நான் நம் தையற்கார அம்மாவிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். லேவியர் நூலைத் தாமாகவே எடுத்து வாசிக்கத் தொடங்கி, மூன்று வாரமாக என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காலப்போக்கில் குழந்தைத் திருமுழுக்கே வழக்கமானதும் இந்த நீண்ட ஆயத்தம் தேய்ந்து மறைந்தது. நம் கடற்கரையின் வரலாறும் இதில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் புனித சவேரியார் அங்கே வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. யாரும் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை. சவேரியார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தமிழறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பின்னால் வந்த அண்டிரிக்கி அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு சிறிய மறைக்கல்வி நூல்தான். நம் மொழியின் அச்சு வரலாற்றுப் பெருமையாக அதைப் பேசுகிறோம், சரி. முதலில் தண்ணீரும் பிறகு பாடமும் என்று நடந்துவிட்ட ஒன்றைச் சீர்செய்யும் உழைப்பின் பயன் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயதுவந்தோருக்கான புகுமுக ஆயத்தத்தைப் படிப்படியாக அமைந்த வடிவில் மீட்டெடுக்க வேண்டும் என்று 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் தீர்மானித்தது. அதன்படி 1972இல் புதிய சடங்கு நூல் வெளியானது. அதன் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தேடலும் வினவலுமான காலம். அதற்குக் கணக்கில்லை, சடங்கும் இல்லை. பிறகு வருகிற ஞாயிறு நாம் செய்யப்போகும் வாசற்சடங்கு. அதன்பின் புகுமுகநிலை, இது ஓர் ஆண்டும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். அதன் முடிவில் ஒரு தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயரால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெயர் எழுதப்படும். அந்தத் தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர் ஆகியோரின் நற்செய்திப் பகுதிகள் வாசிக்கப்பட்டு அவருக்காகச் சிறப்பு மன்றாட்டு நடைபெறும். நிறைவாகப் பாஸ்கா திருவிழிப்பில் ஒரே இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை. தென்னிந்தியத் திருச்சபை போன்ற வேறு சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்று நம்மிடம் வருவோருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. அவர்களுடைய வழி இதைவிடக் குறுகியது. இதை நம்மில் சிலர் இன்னும் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசற்சடங்கு முடிந்த நொடியிலிருந்து அவர் நம்மவர். திருமுழுக்குக்குப் பின்புதான் நம்மவர் என்பதில்லை. புகுமுகநிலையில் இருப்பவர் ஒருவர் இறந்துபோனால் கிறிஸ்தவ அடக்கச் சடங்குக்கு முழு உரிமை உடையவர் என்று திருச்சட்டத்தின் 1183ஆம் பிரிவு கூறுகிறது. பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் 203ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கைதானபோது புகுமுகநிலையினராகத்தான் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தண்ணீரில் இறங்காதவர்கள், தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே அறிக்கையிட்டார்கள்.

அடக்கம் என்ற சொல்லை எழுதிவிட்டேன். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான உண்மைக் காரணம் அந்தச் சொல்தான்.

வியாழக்கிழமை வகுப்புகளில் அம்மா கேட்கும் கேள்விகள் மறைக்கல்விப் புத்தகத்தின் வரிசையில் வருவதில்லை. மூவொரு கடவுளைப் பற்றி அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. “மூன்று இழை சேர்ந்தால் ஒரு நூல், நான் தினமும் பார்க்கிறேனே” என்றார். அந்த உவமையின் குறைகளை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கேள்விகள் வேறு. எண்பது வயதுத் தாய் உயிரோடு இருக்கிறார். அவர் இறந்தால் மகளாக நின்று செய்ய வேண்டியதைச் செய்யலாமா? தாயை மதிப்பது கடவுளின் கட்டளை, தாயின் அருகில் நில்லுங்கள், அழுங்கள், உங்கள் அண்ணன்மார் தங்கள் முறைப்படி செய்வதை மரியாதையோடு விட்டுவிடுங்கள், நீங்கள் செய்யவேண்டிய செபத்தை நாம் சேர்ந்து செய்வோம் என்றேன். வீட்டில் மாமியார் வைத்துவிட்டுப் போன சாமி படங்களை என்ன செய்வது? இதற்கு இருவரும் பல வாரம் பேசினோம். முடிவை அவரிடமே விட்டேன்.

ஏன் வருகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். வேலை, பள்ளியில் இடம், பணம் என்று எதையேனும் எதிர்பார்த்து வருபவரை நான் சேர்க்கக் கூடாது. கட்டாயப்படுத்துவதையும் ஆசைகாட்டுவதையும் சங்கம் வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது. அவர் சொன்ன பதில் இது: நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்குப் புதுநன்மை உடை அளவெடுக்கும்போது, இந்த உடுப்பு எதற்கு என்று பேச்சுக்குக் கேட்டாராம். இயேசு எனக்குள்ளே வரப்போகிறார், அதனால்தான் வெள்ளை உடுப்பு என்று குழந்தை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். “எத்தனை வருசமா இந்த உடுப்பைத் தைக்கிறேன் சாமி, எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.”

இவருக்குக் கிடைக்கப்போகும் உலகப் பயன் ஒன்றுமில்லை. இழப்பு உண்டு. சென்ற ஆண்டு வந்த ஓர் இளம் தம்பதியருக்கு நான் எடுத்துச் சொன்னதை இவருக்கும் சொன்னேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். அந்தத் தம்பதியர் இரு பிள்ளைகளின் படிப்பை நினைத்து, கண்ணீரோடு திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. இன்றும் ஞாயிறுதோறும் வந்து தூணோரம் அமர்கிறார்கள். நற்கருணை நேரத்தில் தலைகுனிந்து இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்த அம்மாவோ பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டதால் தம்மோடு போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவரை நிறுத்திவைத்தது அரசாணை அன்று.

இந்த நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அவர் முதன்முறையாக நம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். நான் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு போனபோது மெழுகுதிரி ஏந்தி என் பின்னால் நடந்தார். அடுத்த வியாழன் வகுப்புக்கு வந்தவர், வேலை முடியாத ஒரு சட்டையையும் கையோடு எடுத்து வந்திருந்தார். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார்: “சாமி, நான் செத்தால் என்னை வேப்பமரத்துக்குக் கிழக்கே வைப்பீங்களா, மேற்கே வைப்பீங்களா?”

இதைப் படிக்கும் நம் பங்கு மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூரார் எவரேனும் படித்தால் புரியாமல் போகட்டும் என்று விட்டுவிடலாமா என்று எண்ணினேன், அது கோழைத்தனம். நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் கிடையாது, எழுதப்பட்ட விதியும் கிடையாது. ஆனாலும் எந்தத் தெருவினர் மரத்துக்கு எந்தப் பக்கம் என்பது குழி வெட்டுபவருக்குக்கூட யாரும் சொல்லாமலே தெரியும். நான் இங்கே வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நாற்பதுக்கு மேற்பட்ட அடக்கங்களை நடத்தியிருக்கிறேன். ஒருமுறையாவது, குழி ஏன் இங்கே, அங்கே ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. துக்க வீட்டில் எதற்கு வம்பு என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தின் படத்துக்கு மாலை போடுகிறோம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டன், டச்சுத் தளபதி டி லனாய் வழியாக யோபுவின் துயரக் கதையைக் கேட்டு, 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் பொருளையே தமிழில் தாங்கித் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவர் மாற்றிக்கொண்டது பெயரை மட்டும் அன்று. யாரோடு அமர்ந்து உண்ணக் கூடாது என்று அவருடைய குலம் சொன்னதோ அவர்களோடு அமர்ந்தார். அது அவர்மீது பகையை வளர்த்தது. 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமும் வெடி வெடித்தோம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பதில் வரவில்லை. தெரியவில்லை அம்மா என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், “அப்படியென்றால் நான் மட்டும் ரெண்டு வருசம் படித்தால் போதாது போலிருக்கே” என்றார். மறைக்கல்வி ஆசிரியை எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு பங்குப் பேரவைக் கூட்டத்தில் நான் வைத்த கோரிக்கை உங்கள் காதுகளுக்கு வந்திருக்கும். கூடுதல் குறைவோடு வந்திருக்கலாம் என்பதால் உள்ளபடியே சொல்கிறேன். வருகிற சனவரி முதல் நாளிலிருந்து நம் கல்லறைத் தோட்டத்தில் இறந்த நாளின் வரிசையில் மட்டுமே குழி வெட்டப்படும். தென்மேற்கு மூலையில் தொடங்கி வரிசையாக. பழைய கல்லறைகள் எதுவும் தொடப்படாது. குடும்பக் கல்லறை உள்ளவர்களின் உரிமையும் அப்படியே இருக்கும். பேரவையில் சிலர் உடனே ஒத்துக்கொண்டார்கள். சிலர் இது இப்போது தேவையா என்றார்கள். ஒருவர் எழுந்து வெளியேறினார். அவர் வீட்டுக்கு நான் போனேன், தேநீர் கொடுத்தார், அதைப் பற்றி மட்டும் பேச மறுத்துவிட்டார். முடிவு டிசம்பர்க் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் வாசற்சடங்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்தச் சடங்கில் நான் கேட்கும் கேள்விகள் அவரிடம் மட்டும் அல்ல. அவரோடு உடன்வருபவரிடமும், பிறகு கூடியிருக்கும் எல்லாரிடமும் ஒரு கேள்வி உண்டு: இவர் கிறிஸ்துவைக் கண்டடையவும் பின்பற்றவும் உதவ நீங்கள் ஆயத்தமா என்பது அதன் கருத்து. “ஆம்” என்று எல்லாரும் சேர்ந்து சொல்வது வழக்கம். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் சடங்கு நூலின் பதில்கள் நம் வாயிலிருந்து தாமாகவே வந்துவிடும். இந்த முறை கேள்வியைக் கேட்டபின் நான் சற்று நேரம் அமைதியாக நிற்பேன். ஒலிபெருக்கி பழுது என்று எண்ணி யாரும் ஓடிவர வேண்டாம். மனத்தில் இல்லாமல் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது நேர்மை. அப்படி நின்றுவிட்டவர் யார் என்று நான் பார்க்கமாட்டேன், பின்னால் கேட்கவும் மாட்டேன். அந்த அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் சொன்னாலும் தமக்குப் போதும் என்றார்.

இன்னும் ஒரு காரியம். அவரோடு உடன்நிற்க ஒருவர் வேண்டும். உறுதிபூசுதல் பெற்ற, ஞாயிறு தவறாத, வியாழக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பெண் ஒருவர். படிப்பு தேவையில்லை. அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை; கூட உட்கார்ந்தால் போதும், திருவிழா நாளில் வீட்டுக்கு அழைத்தால் போதும், அவர் வராத ஞாயிறு ஏன் வரவில்லை என்று போய்ப் பார்த்தால் போதும். மறைக்கல்வி ஆசிரியையே நிற்பதாகச் சொன்னார். நான்தான் பொறுக்கச் சொன்னேன். வேப்பமரத்துக்கு மறுபக்கத்து அன்பியங்களிலிருந்து ஒருவர் வரக்கூடும் என்று இன்னும் எதிர்பார்க்கிறேன். விரும்புபவர் சனிக்கிழமை மாலைச் செபமாலைக்கு முன் பங்கு இல்லத்தில் சொல்லுங்கள். யாரும் வராவிட்டால் ஆசிரியை நிற்பார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே போய் இடம் பிடிக்க வேண்டாம். பீடச்சிறார் மணி அடித்ததும் எல்லாரும் வாசலின் இருபுறமும் நிற்போம். முதியோருக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். செருப்புகளைப் படிக்கட்டில் விடாமல் கெபியின் பக்கம் விடுங்கள். அவர் நடந்து வருவதற்கு வழி வேண்டும்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை